ஒரு தம் போட்டா டென்ஷன் போயிடுமா?

நம்ம ஊர்ல யாரைக் கேட்டாலும் புகைக்கு ஒரே காரணம்தான் சொல்லுவாங்க. டென்ஷன். ரிலீஸ் அன்னிக்கு ராத்திரி பதினொரு மணிக்கு சர்வர் படுத்துக்கிச்சுன்னா, "மச்சி, ஒரு தம் போட்டுட்டு வந்து பாக்கலாம்டா"ன்னு கிளம்புற கூட்டம் எங்க ஆபீஸ்ல உண்டு. அரியலூர்ல சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுற எங்க சின்ன மாமாவும் அதையேதான் சொல்லுவார். "மண்டை காயுது மாப்ள, ஒரு பீடி இழுத்தாதான் வண்டி நகரும்." ஏசி ரூம்ல உக்காந்து தட்டுறவனுக்கும் புழுதியில ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கும் ஒரே வசனம்.

இந்த வசனத்துல பாதி நிஜம், பாதி டுபாக்கூர். எந்தப் பாதி எதுன்னு தெரியாம போனதால எங்க வீட்டுல ஒரு உயிர் போகத் தெரிஞ்சது. அதனாலதான் இந்தப் பதிவு. நான் டாக்டர் கிடையாது. இன்ஜினியரிங் முடிச்சுட்டு பொட்டி தட்டுற ஆளு. டாக்டர் சொன்னதையும் அதுக்கப்புறம் நான் தேடிப் படிச்சதையும்தான் எழுதறேன். புகை பிடிக்கிற பதிவர்கள் கோவிச்சுக்க வேணாம், அட்வைஸ் பதிவு இல்லை :-)

முதல்ல மேட்டர் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துடுவோம். புகையை உள்ள இழுத்த 10லிருந்து 20 நொடிக்குள்ள நிக்கோட்டின் மூளைக்குப் போய்ச் சேர்ந்துடும். ஊசி போட்டாக்கூட அவ்வளவு வேகமாப் போகாது. மூளையில அசிட்டைல்கோலின்னு ஒரு ரசாயனம் இருக்கு, அது வந்து உக்காரதுக்குன்னே சில ரிசெப்டார்கள் இருக்கு. நிக்கோட்டின் அந்தப் பூட்டுக்கு ஒரு கள்ளச்சாவி. திறந்ததும் டோப்பமைன் சுரக்குது, ஒரு சுகம் வருது, கொஞ்ச நேரம் கவனம் கூட கூர்மையாகுது. இது நிஜப் பாதி.

தினமும் கள்ளச்சாவி போட்டுத் திறந்துக்கிட்டே இருந்தா மூளை சும்மா இருக்குமா? பூட்டோட எண்ணிக்கையைக் கூட்டிக்கும். அத்தனைக்கும் தீனி போட்டாகணும். ஆனா ரத்தத்துல இருக்கிற நிக்கோட்டின் சுமார் 2 மணி நேரத்துல பாதியாக் குறைஞ்சுடும். குறையக் குறைய எரிச்சல், பதட்டம், கை பரபரப்பு, எதுலயும் மனசு நிக்காம போறது. அப்ப அடுத்த பீடி. அப்பாடா! அந்த 'அப்பாடா'வைத்தான் நாம "டென்ஷன் போச்சு"ன்னு சொல்றோம். முந்தின பீடி வெச்சுட்டுப் போன கடனை இந்தப் பீடி அடைக்குது, போறப்ப புதுசா ஒரு கடனை வெச்சுட்டுப் போகுது. வைரஸை விடுறவனே ஆன்டி வைரஸும் விக்கிறான்னு எங்க தொழில்ல ஒரு வதந்தி உண்டு. அங்க அது வதந்தி. இங்க அப்படியே நடக்குது.

இப்ப மாமா கதை.

அரியலூர் பக்கம் போயிருக்கறவங்களுக்குத் தெரியும். பூமிக்கடியில சுண்ணாம்புக்கல், அதனால சுத்தி சிமெண்ட் ஆலைங்க. அரசோட சிமெண்ட் ஆலை வந்தது 1979ல, தனியார் ஆலைங்களும் வரிசையா இருக்கு. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடுவுல டிப்பருங்க ஓடிக்கிட்டே இருக்கும். மாமாவுக்கு நடைக் கணக்குல கூலி. எத்தனை நடை அடிக்கிறாரோ அத்தனை காசு. லோடு ஏத்த வரிசையில நிக்கிற நேரம் ஒரு பீடி, எடை மேடையில ஒரு பீடி, தூக்கம் வந்தா ஒரு பீடி. பீடி சுத்துற தெண்டு இலை சீக்கிரம் எரியாது, இழுக்காம விட்டா அணைஞ்சுடும். அதனால சிகரெட்டை விட அடிக்கடி இழுத்தாகணும். நாட்டுல சிகரெட் பிடிக்கிறவங்களை விட பீடி பிடிக்கிறவங்கதான் அதிகம். 2016-17ல எடுத்த தேசியக் கணக்குப்படி பெரியவங்கள்ல பீடி 7.7 சதவீதம், சிகரெட் 4 சதவீதம். ஆனா சினிமாவுல, விளம்பரத்துல, எச்சரிக்கைப் படத்துல நம்ம மனசுல பதிஞ்சிருக்கறது என்னவோ சிகரெட்தான்.

மாமாவுக்கு இருமல் நிக்கலை. எக்ஸ்ரே எடுத்துப் பாத்த டாக்டர் "இன்னிலேர்ந்து பீடியை நிறுத்து"ன்னுட்டார். அவ்வளவுதான், வேற எதுவும் சொல்லலை. மாமாவும் ரோஷக்காரர். கையில இருந்த கட்டை அப்படியே தூக்கிப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டார்.

முதல் நாள் பெருமையாப் போச்சு. ரெண்டாம் நாள் சோத்துத் தட்டு பறந்துச்சு, உப்பு கம்மியாம். மூணாம் நாள் வண்டியை ஓரங்கட்டிட்டு ஸ்டியரிங் மேல தலையை வெச்சு அழுதிருக்கார். கூட ஓட்டுற டிரைவர்தான் கூட்டிட்டு வந்து விட்டார். ராத்திரி பூரா தூக்கமில்லாம வாசல்ல நடக்குறார். பேசினா பாதியில எந்திரிச்சுப் போறார். அத்தை பயந்துட்டாங்க. காத்து கருப்பு அடிச்சிருக்கும்னு தெருவே சொல்லுது. ஒரு பெரியம்மா, குணசீலம் கூட்டிட்டுப் போய் ஒரு மண்டலம் கோயில்ல தங்க வெச்சா சரியாயிடும்னு சொல்லியிருக்காங்க. திருச்சி பக்கத்து ஜனங்களுக்கு குணசீலம்னா சொல்லாமயே புரியும். மனசு சரியில்லாதவங்களை 48 நாள் தங்க வெக்கிற பெருமாள் கோயில். நான் அதைக் கிண்டல் பண்ண மாட்டேன். ஆஸ்பத்திரி எட்டாத காலத்துல அந்தக் கோயில் எத்தனையோ குடும்பத்துக்கு ஒரு இடம் கொடுத்திருக்கு.

அப்ப பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருத்தர் வந்து, "பீடியை விட்டதாலதான் இவனுக்கு மண்டை குழம்பிப் போச்சு, ஒண்ணே ஒண்ணு குடுத்துப் பாருங்க"ன்னார். கொடுத்தாங்க. அஞ்சு நிமிஷம். மாமா முகத்துல கலை வந்துடுச்சு. உக்காந்து அமைதியா சாப்பிட்டார். பிள்ளைங்களைக் கூப்பிட்டுப் பேசினார்.

இந்த இடத்தைக் கவனிங்க மக்களே. ஒரு வீடே கூடி நின்னு பாத்த சோதனை இது. முடிவு கண்ணு முன்னாடி தெரியுது. பீடி இல்லைன்னா மனசு கெட்டுப் போகுது, பீடி குடுத்தா சரியாகுது. அப்ப பீடிதானே மருந்து? யார் பாத்தாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. எங்க வேலையில சர்வர் தொங்கினா ரீஸ்டார்ட் பண்ணுவோம், ஓடும், பக் சரியாயிடுச்சுன்னு டிக்கெட்டை மூடிடுவோம். உள்ள மெமரி ஒழுகிக்கிட்டே இருக்கும். அந்த மாதிரி. அதுலேர்ந்து அத்தையே தினம் காலையில கடைக்குப் போய் ஒரு கட்டு வாங்கிட்டு வர ஆரம்பிச்சுட்டாங்க, சுகர் மாத்திரை வாங்குற மாதிரி.

நிறுத்தின மூணு நாள்ல மாமா பட்டதுக்கு மருத்துவத்துல பேர் இருக்கு. நிக்கோட்டின் பின்வாங்கல் அறிகுறிகள். விட்ட சில மணி நேரத்துல ஆரம்பிச்சு, ரெண்டு மூணு நாள்ல உச்சத்துக்குப் போய், மூணு நாலு வாரத்துல படிப்படியா அடங்கும். எரிச்சல், பதட்டம், தூக்கமின்மை, சோர்வு, கவனமின்மை, பசி. இந்தப் பட்டியலை அப்படியே எடுத்து மனச்சோர்வு, பதட்ட நோய் பட்டியல் பக்கத்துல வெச்சுப் பாருங்க, பாதிக்கு மேல ஒண்ணா இருக்கும். தெருக்காரங்க குழம்பினதுல ஆச்சரியமே இல்லை. அடங்கப் போற விஷயம்னு முன்னாடியே ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலாவது நாளை மாமா தாண்டியிருப்பார்.

நாலு மாசம் ஓடுச்சு. ஒரு நாள் ராத்திரி மாமா அத்தைகிட்ட, "நான் இல்லாட்டி இந்த வண்டியை வெச்சுக்காத, வித்துடு"ன்னு சொல்லியிருக்கார். சாதாரணமா, விலை நிலவரம் பேசுற குரல்ல. அத்தை அம்மாவுக்கு போன், அம்மா எனக்கு போன். லீவு சொல்லிட்டு பல்லவனைப் பிடிச்சு அரியலூர்ல இறங்கினேன். மறுநாள் காலையில அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல வரிசையில நின்னோம். மாவட்ட மனநலத் திட்டம்னு ஒண்ணு இருக்கறதே அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். தமிழ்நாட்டுல அது முதல்ல ஆரம்பிச்சதே எங்க பக்கத்து திருச்சியிலதானாம், 1997ல.

டாக்டர் சின்ன வயசுக்காரர். மாமாகிட்ட அவர் கேட்ட முதல் கேள்வி, "காலையில முழிச்சு எத்தனை நிமிஷத்துல முதல் பீடி?" மாமா சிரிச்சுட்டார். "முழிச்சா? முழிக்கறதுக்கே பீடி வேணும் சார்." இந்தக் கேள்வி சும்மா கேட்டதில்லைன்னு அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன். ஃபேகர்ஸ்ட்ரோம்னு ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் ஒருத்தர் 1978ல ஒரு கேள்வித்தாள் போட்டார். பின்னாடி திருத்தி இன்னிக்கும் அதைத்தான் பயன்படுத்தறாங்க. ஒரு நாளைக்கு எத்தனைங்கறதை விட, எழுந்ததும் எவ்வளவு சீக்கிரம்ங்கறதுதான் பிடி எவ்வளவு இறுக்கம்னு காட்டும். ராத்திரி பூரா நிக்கோட்டின் இறங்கிப் போயிருக்கும் இல்லையா, அதான். அஞ்சு நிமிஷத்துக்குள்ளன்னா கெட்டி.

ரெண்டாவது கேள்வி நேராக் கேட்டார். "செத்துடலாம்னு தோணுதா?" நான் நாற்காலியில நெளியறேன். மாமா நெளியலை. "தோணுது"ன்னார். "எப்பலேர்ந்து?" மாமா சொன்ன வருஷம் எங்க யாருக்கும் தெரியாத வருஷம். சுரங்கத்து ரோட்டுல முன்னாடி போன டிப்பர்ல ஒரு மொபெட் மாட்டி, ஓட்டிட்டு வந்த பையனைத் தூக்கினது பின்னாடி வந்த மாமா. கையிலயே போயிட்டான். வீட்டுக்கு வந்து லுங்கியைத் தொவைச்சுக் காயப்போட்டுட்டு மறுநாள் வண்டிக்குப் போயிட்டார். ஒரு கட்டு ரெண்டு கட்டானது அந்த மாசத்துலேர்ந்துதான். அஞ்சு வருஷமா அவருக்கு சரியான தூக்கம் கிடையாது. பீடிதான் தூக்கத்தைக் கெடுக்குதுன்னு நாங்க, தூக்கம் வராததாலதான் பீடின்னு அவரு.

டாக்டர் எங்களை உக்கார வெச்சு சொன்னது இதுதான்: "இவருக்கு ரெண்டு கணக்கு ஓடுது. ஒண்ணு பீடி கணக்கு, இன்னொண்ணு மனச்சோர்வு கணக்கு. நீங்க ரெண்டையும் ஒரே நோட்டுல எழுதிட்டீங்க. பீடி குடுத்தா முதல் கணக்கு மட்டும் அடையும். ரெண்டாவது உள்ளயே கிடக்கும். வெளிய தெரியாததால வைத்தியமும் பாக்கலை."

எந்தக் கணக்கு எதை ஆரம்பிச்சதுங்கறது உலகம் பூரா இன்னும் விவாதம்தான். மனநலப் பிரச்சினை இருக்கறவங்க மத்தவங்களைப் போல ரெண்டு மடங்கு புகைக்கிறாங்கன்னு அமெரிக்காவுல 2000ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. அதுல கணக்கெடுத்தவங்க பிடிச்ச மொத்த சிகரெட்ல 44 சதவீதம் இவங்க பிடிச்சதாம். மனசு வலிக்கிறவன் புகையைத் தேடறான்னு சொல்லலாம். புகை மனசைக் கெடுக்குதுன்னும் சொல்லலாம். வறுமை, வேலை, பரம்பரை ரெண்டையும் சேத்து இழுக்குதுன்னும் சொல்லலாம். மூணுமே கொஞ்சம் கொஞ்சம் இருக்குன்னுதான் எனக்குப் படுது.

ஆனா ஒரு விஷயத்துல பதில் தெளிவா இருக்கு. விட்டா மனசு என்ன ஆகும்? பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல 2014ல 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்தாங்க. விட்டவங்களுக்கு, விடாம தொடர்ந்தவங்களை விட பதட்டம், சோர்வு, மன அழுத்தம் எல்லாமே குறைஞ்சிருந்துச்சு. மனநோய் இருக்கறவங்களுக்கும்தான். 2021ல காக்ரேன் தொகுப்பு 102 ஆய்வுகளை வெச்சுப் பாத்தும் அதே பக்கம்தான் சாஞ்சுது. அதாவது முதல் நாலு வாரம் நரகம், அதைத் தாண்டினா மனசு முன்ன இருந்ததை விட லேசாகுது. மாமா போன தடவை நாலாவது நாளே திரும்பிட்டார். நரகத்தைப் பாத்தார், அந்தாண்டை இருந்ததைப் பாக்கலை.

இந்தத் தடவை வெறுங்கையோட அனுப்பலை. நிக்கோட்டின் சூயிங்கம் குடுத்தாங்க. பபிள்கம் மாதிரி மென்னு தள்ளக் கூடாது. நாலு கடி கடிச்சு காரம் தெரிஞ்சதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வெச்சுடணும். "ஹான்ஸ் வெக்கிற இடம் சார், தெரியும்"னார் மாமா. டாக்டரே சிரிச்சுட்டார். கூடவே புப்ரோபியான்னு ஒரு மாத்திரை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். மனச்சோர்வுக்கான மருந்து, அதுவே புகையை விடறதுக்கும் உதவுதுன்னு கண்டுபிடிச்சு அமெரிக்காவுல 1997ல அதுக்கும் அனுமதி குடுத்தாங்க. ரெண்டு கணக்குக்கும் ஒரே பேனா. (வலிப்பு வந்தவங்களுக்குக் குடுக்கறதில்லை. டாக்டர் அதைக் கேட்டுட்டுத்தான் எழுதினார். யாரும் நீங்களா வாங்கிப் போட்டுடாதீங்க.) இந்த மாதிரி மாத்திரைங்க மனசைக் கெடுக்கும்னு ரொம்ப நாள் ஒரு பயம் இருந்துச்சு. 2016ல லான்செட்ல வந்த பெரிய ஆய்வுல, எட்டாயிரத்துச் சொச்சம் பேர்கிட்ட சோதிச்சு, பேட்சையோ வெறும் மாத்திரையையோ விட கவலைப்படற அளவுக்கு அதிகப் பாதிப்பு இல்லைன்னு சொன்னாங்க.

மருந்தோட நிக்கலை. வாரா வாரம் ஒரு கவுன்சிலர் அந்த மொபெட் பையனைப் பத்திப் பேச வெச்சாங்க. அஞ்சு வருஷத்துல முதல் தடவையா.

இன்னியோட மாமா விட்டு பத்து மாசம். நடுவுல ஒரு சாவு வீட்டுல ரெண்டு பீடி. போச்சுடான்னு அத்தை அழுதாங்க. நான் சொன்னேன், நம்ம அரியலூரைப் பாருங்க அத்தை, 2001ல பெரம்பலூரை விட்டுப் பிரிஞ்சுது, 2002ல மறுபடி அதுகூடயே போய் ஒட்டிக்கிச்சு, 2007ல திரும்பப் பிரிஞ்சு இன்னி வரைக்கும் தனியாத்தானே இருக்குன்னு. அத்தைக்கு ஜோக் புரியலை. மாமா சிரிச்சார்.

இது அம்மா ஊர் கதை. அப்பா ஊர் பெரம்பலூர் பக்கம், சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையற கரிசக்காடு. அங்க எங்க அப்பாயி ஜென்மத்துல பீடியைத் தொட்டதில்லை. ஆனா வெத்தலைப் பெட்டியில சுருள் புகையிலை இல்லைன்னா களை எடுக்கப் போகாது. போன வருஷம் கீழ விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷனுக்குப் படுத்திருந்தப்ப, சீட்டு எழுதின நர்ஸ் கேட்டாங்க. "பாட்டிக்கு குடி, பீடி, சிகரெட் உண்டா?" "சேச்சே, அதெல்லாம் கிடையாது"ன்னு அப்பா. பொய்யே இல்லை. ரெண்டாம் நாள் அப்பாயி நர்ஸைத் திட்டுது, ஊசியைப் பிடுங்குது, தூங்க மாட்டேங்குது. வயசாச்சு, மூளை கலங்குதுன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டோம். வேற காரணமும் இருந்திருக்கலாம், அந்த வயசுல ஆபரேஷன் முடிஞ்சா குழப்பம் வர்றது சகஜம்தான். ஆனா பக்கத்துக் கட்டில் கிழவிதான் கேட்டுச்சு: "ஏம்ப்பா, உங்க ஆத்தாவுக்குப் பொகல போடற பழக்கம் உண்டா?" அப்பா ஓடிப் போய் டாக்டர்கிட்ட சொன்னார். பேட்ச் ஒண்ணு ஒட்டினாங்க. மறுநாளே பாதி எரிச்சல் இறங்கிடுச்சு.

புகை இல்லாத புகையிலையை நாம பழக்கமாவே எண்ணறதில்லை. மேல சொன்ன அதே தேசியக் கணக்குல, புகைக்கிறவங்க 10.7 சதவீதம்னா மெல்லுற, ஒதுக்குறவங்க 21.4 சதவீதம். சரியா ரெண்டு மடங்கு. தமிழ்நாட்டுல ஏதோ ஒரு வடிவத்துல புகையிலை எடுக்கறவங்க 2009-10ல 16.2 சதவீதமா இருந்து 2016-17ல 20 ஆயிட்டாங்க. நாடு பூரா குறைஞ்சப்ப இங்க கூடியிருக்கு. 2013ல குட்காவுக்குத் தடை போட்டதுக்கு அப்புறம்தான் இந்தக் கணக்கு. பாக்கெட்டு மேல புற்றுநோய்ப் படம் போட்டிருக்கு. மனசைப் பத்தி ஒரு வரி கிடையாது.

இன்னொண்ணு, இது வீட்டுல மனநோய்க்கு மருந்து சாப்பிடறவங்க இருந்தா அவசியம் தெரிஞ்சிருக்கணும். பீடி, சிகரெட் புகையில இருக்கிற தார் ஈரலைத் தூண்டிவிட்டு குளோசபின், ஒலான்சபின் மாதிரி சில மருந்துகளை வேகமாக் கரைச்சுடும். புகைக்கிறவங்களுக்கு டோஸ் கூட வேண்டியிருக்கும். அவங்க திடீர்னு புகையை நிறுத்தினா அதே டோஸ் உடம்புல தேங்கி அதிகமாயிடும். இது நிக்கோட்டின் வேலை இல்லை, புகையோட வேலை. அதனால விடறது ரொம்ப நல்லது, ஆனா டாக்டர்கிட்ட சொல்லிட்டு விடணும்.

நம்பர் கேப்பீங்க. புகையிலையை விட உதவிக்கு 1800-11-2356, இலவசம், 2018லேர்ந்து பாக்கெட்டு மேலயே அச்சடிச்சிருக்கு. மனசு சரியில்லைன்னா டெலி மானஸ் 14416, 2022லேர்ந்து இருக்கு. மாமா மாதிரி யாராவது வண்டியை வித்துடுன்னு பேசினா நம்பரைத் தேடிக்கிட்டு உக்காராம கையோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.

அப்பாயி இப்ப குச்சி ஊனி நடக்குது. டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்கே வெத்தலைப் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கிச்சு. எம்பத்தோரு வயசுக்காரியை விடச் சொல்லணுமா வேணாமான்னு எனக்கும் அப்பாவுக்கும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன்ல சண்டை. அதுவரைக்கும், வீட்டுல இருக்கிற மருந்துச் சீட்டு கோப்போட முதல் பக்கத்துல பெரிய எழுத்துல எழுதி ஒட்டியாச்சு: 'புகையிலை போடுவார். தினம் ஆறு தடவை.' அதைப் படிச்சுக் காட்டினதுக்கு அப்பாயி, "ஆறு இல்லடா, எட்டு"ன்னு திருத்துச்சு.